இன்சுலின் ஊசி உங்கள் கைக்கு வர: செவிலியரிடம் கேட்டுப் பெற வேண்டியவை

இன்சுலின் தொடங்கிய முதல் ஆறு வாரத்தில் நான் ஒரு முறை மயங்கி விழப் பார்த்தேன், இரண்டு முறை மருத்துவரை மாற்றலாமா என்று யோசித்தேன், வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். இத்தனைக்கும் காரணம் ஒரு சிரிஞ்சு மூடியின் நிறம். அதைக் கண்டுபிடித்தவர் மருத்துவர் அல்ல. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர். அவரிடம் நான் முதல் வாரமே போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் வந்திருக்காது.

மாத்திரையில் பல வருடம் ஓட்டிவிட்டு இப்போது இன்சுலினுக்கு மாற்றப்பட்ட பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுவயதிலேயே சர்க்கரை நோய் வந்தவர்கள் ஆகியோருக்கு முறை வேறு. தமிழ்நாட்டு அரசு நிலையங்களை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும், தனியாரிடம் பார்ப்பவர்களும் இதே கேள்விகளை அங்குள்ள செவிலியரிடம் கேட்கலாம்.

1. போவதற்கு முன்: நாள், நேரம், காகிதம்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எந்த நாளும் போகலாம். ஆனால் கற்றுக்கொள்ளப் போகிறவர் கூட்டமில்லாத நாளில் போக வேண்டும். முதலில் ஒருமுறை எட்டிப் பார்த்து, "சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்கு எந்தக் கிழமை கூட்டம்? இன்சுலின் போடக் கற்றுக்கொள்ள எப்போது வரலாம்?" என்று கேளுங்கள். எங்கள் நிலையத்தில் காலை பத்து மணிக்கு வரிசை வாசல்வரை நிற்கும். பன்னிரண்டரைக்குச் செவிலியர் ஒருவர் மட்டும் உட்கார்ந்து பதிவேட்டை நிரப்பிக்கொண்டிருப்பார். எனக்கு அந்த நேரத்தை ஒதுக்கித் தந்தார். நாற்பது நிமிடம் பேசினோம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: ஆதார் அட்டை, குடும்ப அட்டை, பதிவுக்கு ஒரு கைபேசி எண், கடைசியாகச் செய்த ரத்தப் பரிசோதனைகள், எல்லா மருந்துச் சீட்டுகளும். இவற்றோடு, பலரும் மறந்துவிடுகிற ஒன்று உண்டு: வீட்டில் இருக்கும் இன்சுலின் பாட்டில், சிரிஞ்சு, மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சீட்டில் எழுதியிருப்பது ஒன்று, வீட்டில் இருப்பது இன்னொன்று என்பது அங்கேதான் தெரியவரும்.

ஒரு வீண் அலைச்சலையும் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால்தான் இலவச இன்சுலின் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் அலைந்தேன். அந்த அட்டை முக்கியமாக மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைகளுக்கானது. மாதாமாதம் வாங்கும் மருந்துக்கு யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

2. உங்களுக்காக நீங்களே பேசுங்கள்

முதல் சந்திப்பில் செவிலியர் என்னைப் பார்த்துக் கேட்ட எல்லாக் கேள்விக்கும் என் மனைவி பதில் சொன்னாள். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன், காலில் மரத்துப்போகிறதா, இரவில் எத்தனை முறை எழுகிறேன், எல்லாம். மூன்றாவது கேள்வியிலேயே செவிலியர் சிரித்துக்கொண்டே, "அக்கா, மரத்துப்போவது அவர் கால்" என்றார். மனைவி கொஞ்சம் கோபித்துக்கொண்டாள். எனக்கோ அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல அன்று வாய் வந்தது: அச்சகத்தில் வேலை முடிகிற நாளைப் பொறுத்து என் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கும் இருக்கும், பத்தரைக்கும் இருக்கும். சீட்டில் எழுதியிருந்த "இரவு 8 மணி" என்பதை நான் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன், சாப்பாட்டைப் பார்த்து அல்ல.

எனவே போவதற்கு முந்தின நாள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள்: எழுந்திருக்கும் நேரம், மூன்று வேளை சாப்பிடும் உண்மையான நேரம், வேலை, பயணம். விரதம் இருப்பவர் என்றால் சஷ்டியோ ஏகாதசியோ ரம்ஜானோ, மறைக்காமல் எழுதுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைத்து, விரத நாளில் முழு அளவு ஊசியையும் போட்டுக்கொண்டு படுத்தவர்கள் உண்டு. முன்கூட்டியே சொன்னால் மருத்துவரிடம் பேசி அந்த நாளுக்கு வேறு அளவு எழுதி வாங்கித் தருவார்கள்; சிலருக்கு விரதமே வேண்டாம் என்பார்கள். அது ஏன் என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

தன் கையால் தானே போட்டுக்கொண்டால்தான் சரி என்று கட்டாயமும் இல்லை. அன்று அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பாட்டிக்குக் கண் பார்வை குறைவு. பேனா வடிவில் வரும் இன்சுலின் ஊசியில் அளவைத் திருகும்போது ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு 'டிக்' சத்தம் வரும். பாட்டி எண்ணிக்கொண்டே திருகுவார், பேத்தி எண்ணைப் பார்த்துச் சரி சொல்வாள், குத்திக்கொள்வது பாட்டி. எந்தப் பங்கு யாருக்கு என்று பாட்டியே முடிவு செய்திருந்தார்.

3. பாட்டிலும் சிரிஞ்சும்: இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

நம் நாட்டில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். பேனாவுக்குள் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். சில இன்சுலின்கள் பாட்டிலிலும் 100 யூனிட்டாக வருவதுண்டு. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. மருந்துக்கடையில் "இன்சுலின் சிரிஞ்சு கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் கைக்கு வந்ததைத் தருவார்கள்.

எனக்கு எழுதியது காலை 20 யூனிட், இரவு 12. பாட்டில் 40. கடையில் தந்த சிரிஞ்சு ஆரஞ்சு மூடி. அதில் 20 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 0.2 மில்லிலிட்டர், அதாவது 8 யூனிட் மருந்து. மூன்று வாரம் சர்க்கரை 300க்குக் கீழே இறங்கவே இல்லை. மருத்துவர் காலை அளவை 28 ஆக்கினார். அப்போதும் உண்மையில் போனது 11 யூனிட்தான். பிறகு ஒருநாள் கடையில் ஆரஞ்சு தீர்ந்துபோய்ச் சிவப்பு மூடி தந்தார்கள். நிறம் மாறியதை நான் கவனித்தேன். கம்பெனி வேறு என்று நினைத்துக்கொண்டேன். அன்று முதன்முறையாக முழு 28 யூனிட்டும் உடம்புக்குள் போயிற்று. பதினொரு மணிக்கு அச்சகத்தில் கை நடுங்கி, சட்டை நனைந்து, முன்னால் இருந்த எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. பக்கத்தில் இருந்தவர் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்துப் பரிசோதித்தபோதும் 48தான் காட்டியது. பிழை திருத்துவதை முப்பது வருடத் தொழிலாக வைத்திருப்பவன், பாட்டிலின் மேல் இருந்த எண்ணைப் படிக்கவில்லை.

தலைகீழாக நடந்தால் இன்னும் ஆபத்து. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் இழுத்தால் 20 கோட்டில் 50 யூனிட் போய்விடும்.

நான் பார்த்த எல்லோரும் "ஊசி போடுகிறீர்களா?" என்று கேட்டார்கள். நானும் ஆமாம் என்றேன். இந்தச் செவிலியர் மட்டும்தான் "போட்டுக் காட்டுங்கள், ஐயா" என்றார். பையிலிருந்து இரண்டு நிறச் சிரிஞ்சும் வெளியே வந்தபோது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆகவே உங்கள் செவிலியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "நான் போடுகிற விதத்தைச் செய்து காட்டுகிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்."

4. முதல் ஊசி

எனக்கு இன்சுலின் எழுதித் தந்த தனியார் மருத்துவமனையில் ஒருவர் மளமளவென்று போட்டுக் காட்டிவிட்டு "அவ்வளவுதான்" என்று போய்விட்டார். பார்த்துக் கற்றுக்கொள்ளும் வேலை அல்ல இது. இங்கே செவிலியர் இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். சிரிஞ்சைத் தொடவே இல்லை. நான் தடுமாறிய இடங்களில் வாயால் மட்டும் சொன்னார். முதலில் மூன்று முறை வெறும் தண்ணீரை இழுத்து வெளியேற்றிப் பழகினேன், நான்காவதுதான் வயிறு.

வரிசை இது. சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பால்போல் கலங்கியிருக்கும் இன்சுலின் என்றால், மத்தைக் கீரையில் விட்டு உருட்டுவது போலப் பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவில் இருபது முறை உருட்டுங்கள். குலுக்க வேண்டாம், நுரை வந்து அளவு கெடும். எத்தனை யூனிட் வேண்டுமோ அத்தனை காற்றை முதலில் சிரிஞ்சில் இழுத்துப் பாட்டிலுக்குள் தள்ளிவிட்டு, பாட்டிலைக் கவிழ்த்து மருந்தை இழுங்கள். குமிழி இருந்தால் விரலால் தட்டி வெளியேற்றுங்கள். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, தோலை மெதுவாகக் கிள்ளிப் பிடித்து நேராகக் குத்தி, மருந்தைத் தள்ளி, பத்து எண்ணி எடுங்கள். தேய்க்கக் கூடாது. பேனா என்றால் ஒவ்வொரு முறையும் முதலில் 2 யூனிட்டைக் காற்றில் விட்டு, துளி வருகிறதா என்று பாருங்கள்.

இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு விரல் அகலமாவது இடைவெளி வேண்டும். வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் குத்தினால் அங்கே கொழுப்புக் கட்டிபோல் தடித்துவிடும். வலி குறையும், மருந்தும் ஒழுங்காக உறிஞ்சப்படாது. ஒவ்வொரு முறை போகும்போதும் "வயிற்றைத் தடவிப் பாருங்கள்" என்று செவிலியரிடம் கேளுங்கள். பத்து விநாடி வேலை.

எப்போது போடுவது? எனக்குத் தருகிற 30/70 கலவை இன்சுலின் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டியது. வேறு வகைகளுக்கு நேரம் வேறு. உங்கள் பாட்டிலுக்கு என்ன நேரம் என்பதை அட்டைப் பெட்டியின் மேலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

5. சர்க்கரை இறங்கிவிட்டால்

ஊசி போடுகிற எல்லோருக்கும் ஒருநாள் இது வரும். வியர்வை, நடுக்கம், அகோரப் பசி, காரணமில்லாத எரிச்சல், பேச்சுக் குழறல். 70க்குக் கீழே போனால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். கடலை மிட்டாயும் சாக்லேட்டும் இந்த நேரத்துக்கு உதவாது, கொழுப்பு சேர்ந்திருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குக் கூப்பிடுங்கள். இதை உங்கள் வீட்டார், பக்கத்து மேசைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் ஆகிய மூவருக்கும் சொல்லி வைப்பது உங்கள் பொறுப்பு. ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். உங்கள் மாத்திரை அந்த வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

6. அளவை மாற்றும் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

என் கணக்கில் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான படி இது, யாரும் தானாக முன்வந்து சொல்லாத படியும் இதுதான். செவிலியர் தன்னிச்சையாக உங்கள் இன்சுலின் அளவை மாற்ற முடியாது. நீங்களும் மாற்றக் கூடாது. ஆனால் எந்த எண் வந்தால் எவ்வளவு கூட்டலாம், குறைக்கலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தரலாம். அதைக் கேட்டு வாங்கித் தந்தவர் செவிலியர். என் நோட்டின் முதல் பக்கத்தில் மருத்துவர் கையெழுத்தோடு மூன்று வரி இருக்கிறது: வெறும் வயிற்றில் தொடர்ந்து மூன்று நாள் 150க்கு மேல் இருந்தால் இரவு அளவில் 2 யூனிட் கூட்டவும். ஒருநாள் 70க்குக் கீழ் வந்தாலும் இரவு அளவில் 4 யூனிட் குறைத்து, நிலையத்துக்குத் தெரிவிக்கவும். இரவு 16 யூனிட்டைத் தாண்டினால் நேரில் வரவும்.

இது என் உடம்புக்கு எழுதியது. எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீரகம், வயது, தனியாக வசிப்பது என்று பலதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். மாதிரியை மட்டும் எடுத்துக்கொண்டு போய், "இப்படி எனக்கும் எழுதித் தர முடியுமா?" என்று கேளுங்கள். அந்த மூன்று வரி வந்த பிறகு, இரண்டு யூனிட்டுக்காக அரைநாள் சம்பளத்தை விட்டு வரிசையில் நிற்பது எனக்கு நின்றது.

காய்ச்சல், வாந்தி நாளுக்கும் ஒரு வரி எழுதி வாங்குங்கள். "சாப்பிடவில்லை, அதனால் ஊசியும் வேண்டாம்" என்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. காய்ச்சலில் சர்க்கரை ஏறும். ஊசியை முழுதாக நிறுத்தாமல், கஞ்சியோ இளநீரோ குடித்துக்கொண்டு, அடிக்கடி பரிசோதித்து, நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். வாந்தி நிற்கவில்லை என்றால் மருத்துவமனை.

7. பரிசோதனையும் பணமும்

வீட்டில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் ஒருமுறைச் செலவு. ஆயிரம் ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். ஆளைக் கரைப்பது ஒவ்வொரு முறையும் ரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப். ஒன்று 15 முதல் 25 ரூபாய்வரை ஆகிறது. வாங்கும்போது மீட்டரின் விலையை விட்டுவிட்டு ஸ்ட்ரிப்பின் விலையைக் கேளுங்கள்.

தினமும் நான்கு முறை என்று ஆரம்பித்தேன். இரண்டே வாரத்தில் ஸ்ட்ரிப் தீர்ந்தது, பிறகு ஒரு மாதம் பரிசோதிக்கவே இல்லை. செவிலியர் கேட்டது ஒரே கேள்வி: "மாதம் எவ்வளவு செலவழிக்க முடியும், ஐயா?" ஐந்நூறு என்றேன். ஐந்நூறுக்கு இருபத்தைந்து ஸ்ட்ரிப் என்று வைத்து ஒரு திட்டம் போட்டோம். வாரத்தில் மூன்று நாள் அடுத்தடுத்து வெறும் வயிற்றில், இன்னொரு நாள் ஒரே ஒரு வேளைக்கு முன்னும் பின்னும். மீதி ஐந்தைத் தலைசுற்றல், வியர்வை வரும் நேரத்துக்கென்று ஒதுக்கினோம். எந்த வேளையைப் பார்ப்பது என்று அந்தந்த வாரம் நானே தேர்ந்தெடுப்பேன். அப்படித்தான் இட்லியைவிட ரவை உப்புமா எனக்கு அதிகம் ஏற்றுகிறது என்று தெரிந்தது. உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

விரலின் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும். மாம்பழம் சாப்பிட்ட கையைக் கழுவாமல் பரிசோதித்து 340 பார்த்து அலறியவன் சொல்கிறேன், கையைக் கழுவுங்கள்.

இன்சுலின் எங்கள் நிலையத்தில் இலவசம். சிரிஞ்சு சில மாதம் கிடைக்கும், சில மாதம் வெளியே வாங்க வேண்டும். ஒன்று பத்து ரூபாய்க்குள். இங்கே ஒரு கணக்குப் பொறி: 10 மில்லி பாட்டிலில் 400 யூனிட். இப்போது என் அளவு காலை 18, இரவு 10, ஆக நாளுக்கு 28. ஒரு பாட்டில் பதினான்கு நாள். இரண்டு பாட்டில் வாங்கினால் இருபத்தெட்டு நாளோடு சரி. மாதத்துக்கு இரண்டு போதும் என்று தலையாட்டி வந்துவிட்டுக் கடைசி இரண்டு நாள் திண்டாடினேன். 400ஐ உங்கள் ஒருநாள் அளவால் வகுத்துப் பார்த்துவிட்டுக் கவுன்ட்டரை விட்டு நகருங்கள்.

8. வைக்கும் இடம், எறியும் இடம்

திறக்காத பாட்டில் குளிர்ப்பெட்டியில், ஃப்ரீசரை ஒட்டாமல். ஒருமுறை உறைந்துவிட்டால் உருகினாலும் பயனில்லை, எறிந்துவிட வேண்டும். திறந்த பாட்டிலில் திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். பொதுவாக 28 நாள். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், பாட்டிலைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு, ஈர மணலில் வைத்த சிறு மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். பஸ்ஸில் போகும்போது மேலே வைக்கும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகவே கூடாது.

பயன்படுத்திய ஊசியைக் குப்பையில் போட்டால் அது தூய்மைப் பணியாளரின் கையில் ஏறும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சேர்த்து, நிறைந்ததும் நிலையத்தில் கொடுங்கள். முதலில் வாங்க மறுத்தார்கள். செவிலியர் பேசிய பிறகு வாங்கிக்கொள்கிறார்கள்.

9. அடுத்த தேதிகள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. பலருக்கு 7 சதவீதத்துக்குக் கீழ் என்பது இலக்கு, வயதானவர்களுக்குச் சற்றுத் தளர்த்துவார்கள்; உங்களுக்கு எது என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் புரதம், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை, பாதம், கண். பாதப் பரிசோதனைக்குச் செருப்பைக் கழற்றி, காலுறையையும் கழற்றிவிட்டு உட்காருங்கள். அவசரத்தில் யாரும் கழற்றச் சொல்ல மாட்டார்கள்.

கண்ணுக்குப் போகும் நாளில் கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், பக்கத்தில் இருக்கும் எழுத்து தெரியாது. இருசக்கர வண்டியில் தனியாகப் போகாதீர்கள். அன்று மாலை ஊசியில் கோடு பார்க்கவும் சிரமமாக இருக்கும், எனவே இரவு அளவை இழுத்துத் தர ஒருவரைக் காலையிலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள். என் வீட்டில் அந்த ஒரு நாள் மட்டும் சிரிஞ்சு மனைவி கைக்குப் போகும். இழுத்த பிறகு மூடியின் நிறத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் தருவாள்.